கணினி சொல்படி கேட்கும் எஃப்எம் ரிசீவர்: மதுரையில் தொடங்குகிறவர்களுக்கு

எஃப்எம் அலைகளைக் கவனிப்பதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ள நினைக்கிறவர்களுக்கு மதுரை ரொம்ப வாகான ஊர். ஊருக்குள்ளேயே ரேடியோ சிட்டி 91.9, சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, அகில இந்திய வானொலி 103.3, ஹலோ 106.4 என்று பலமான நிலையங்கள் இருக்கின்றன. மேற்கே மலைமேல் இருந்து கொடைக்கானல் வானொலி 100.5-இல் வருகிறது. திருச்சியும் திருநெல்வேலியும் 150 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. கிழக்கே கடல், அதற்கு அப்பால், நேர்கோட்டில் 220 கிலோமீட்டர் அளவில் மன்னார். பக்கத்து நிலையம், மலை நிலையம், தொலைவு நிலையம், கடல் தாண்டிய நிலையம் என்று நாலு வகையும் ஒரே மொட்டை மாடியில் கிடைப்பது எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

பாட்டுக் கேட்க மட்டும் என்றால் கைப்பேசியோ பழைய டிரான்சிஸ்டரோ போதும். கணினியோடு பேசும் ரிசீவர் எதற்கு என்றால், நாம் தூங்கும்போதும் அது அளந்து எழுதிக்கொண்டே இருக்கும் என்பதற்காக. கொடைக்கானல் நிலையம் விடியற்காலை 5 மணிக்கு எவ்வளவு பலமாக வருகிறது, மதியம் 2 மணிக்கு எவ்வளவு, மழைக்கு முன்பும் பின்பும் எவ்வளவு என்பதை நாம் காது வைத்துக் கணக்கெடுக்க முடியாது. ஒரு எண்ணும் ஒரு நேரமும் வரிசையாகக் கோப்பில் விழ வேண்டும். அந்த வசதிக்காகத்தான் இவ்வளவு சிரமமும். ஆகவே எந்த ரிசீவரைப் பார்த்தாலும் அதனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சிக்னல் பலத்தை எண்ணாகக் கணினிக்குச் சொல்லுமா? கணினி சொன்ன அலைவரிசைக்குத் தானே மாறுமா? பக்கத்தில் ஒரு பலமான நிலையம் முழங்கும்போது தொலைவு நிலையத்தைப் பிரித்துக் காட்டுமா? முதல் இரண்டையும் இன்று மலிவான பொருள்கூடச் செய்துவிடும். மூன்றாவதில்தான் காசுக்கேற்ற வித்தியாசம் தெரியும். டிரான்ஸ்மிட்டர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மதுரை மாதிரி ஊரில் அதுதான் முக்கியமும்கூட.

முதல் படி: எதைக் கவனிக்கப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். இரண்டு மூன்று நிலையங்களின் பலத்தை மட்டும் நாள் முழுக்கப் பதிய வேண்டும் என்றால் ஒரு வகைக் கருவி. 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை முழுப் பட்டையையும் திரையில் பார்த்து, புதிதாக எது முளைக்கிறது என்று தேட வேண்டும் என்றால் வேறு வகை. இதை முடிவு செய்யாமல் வாங்கினால் கருவி ஒரு மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும்.

முதல் வகையை, கட்டளை வாங்கும் ரேடியோ என்று சொல்லலாம். உள்ளே ஒரு சில்லு ரேடியோ வேலை முழுவதையும் செய்யும். கணினியோ, ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையோ 'இந்த அலைவரிசைக்குப் போ', 'இப்போது பலம் எவ்வளவு' என்று மட்டும் கேட்கும். ஆர்டிஏ5807, டிஇஏ5767, எஸ்ஐ4703, டிஇஎஃப்6686 எல்லாம் இந்தக் குடும்பம். இரண்டாவது வகை எஸ்டிஆர், அதாவது மென்பொருள் ரேடியோ. யூஎஸ்பியில் செருகும் டாங்கிள் என்ற சிறு கருவி ஒரு துண்டுப் பட்டையை அப்படியே எண்களாக மாற்றி யூஎஸ்பி வழியாக அனுப்பிவிடும். நிலையத்தைப் பிரிப்பது, ஒலியாக்குவது, படம் வரைவது எல்லாம் கணினியின் வேலை.

இவற்றுக்கு முந்தைய தலைமுறையில் ஐகாம் நிறுவனத்தின் பிசிஆர்1000 போன்ற பெட்டிகள் இருந்தன. முன்பக்கம் குமிழே கிடையாது. கணினியின் சீரியல் போர்ட்டில் மாட்டித்தான் ஓட்ட வேண்டும். எங்காவது பழையதாகக் கிடைத்தால் நல்ல சாமான்தான். ஆனால் இன்றைய மடிக்கணினியில் சீரியல் போர்ட் இல்லை, பழைய மென்பொருள் புதிய விண்டோஸில் முரண்டு பிடிக்கும். புதியவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது படி: கருவியைத் தேர்ந்தெடுப்பது

புதியவர்களில் பெரும்பாலோருக்கு என் பரிந்துரை ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள். ரியல்டெக் நிறுவனம் ஐரோப்பிய டிஜிட்டல் டிவிக்காகச் செய்த ஆர்டிஎல்2832யு என்ற சில்லு இதன் உயிர்நாடி. டிவி பார்க்கச் செய்த சில்லு, வந்த அலையை அப்படியே எண்களாகக் கணினிக்குத் தள்ளும் என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்தப் பொழுதுபோக்கு மாணவர்களின் கைக்கெட்டியது. இதோடு ஆர்820டி2 ட்யூனர் சேர்ந்தால் ஏறக்குறைய 24 மெகாஹெர்ட்ஸில் இருந்து 1,700 மெகாஹெர்ட்ஸ் தாண்டி வரை கேட்கலாம். எஃப்எம் பட்டை அதில் ஒரு மூலைதான்.

இதன் குறையையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இது 8 பிட் கருவி. ஒரு பிட்டுக்கு 6 டெசிபெல் (சிக்னல் பலத்தை ஒப்பிடும் அளவு) என்று கணக்குப் போட்டால், பலமான சிக்னலுக்கும் பலவீனமானதற்கும் இடையே ஏறக்குறைய 48 டெசிபெல் இடைவெளியைத்தான் ஒரே நேரத்தில் தாங்கும். ஊருக்குள் டிரான்ஸ்மிட்டருக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் அந்த இடைவெளி போதாமல் போகும். இல்லாத இடத்தில் எல்லாம் நிலையங்கள் தெரிய ஆரம்பிக்கும். அதைச் சமாளிக்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன். 12 பிட் ஏர்ஸ்பை, 14 பிட் எஸ்டிஆர்பிளே போன்றவை இந்த விஷயத்தில் மேல், விலையும் பல மடங்கு. முதல் வருஷம் அவை தேவையில்லை.

ஆர்டிஎல் டாங்கிள்களிலேயே இரண்டு தரம் உண்டு. மலிவான பிளாஸ்டிக் கூட்டு டாங்கிள் ஒன்று. அலுமினியக் கூட்டில், எஸ்எம்ஏ என்ற திருகு கனெக்டரோடு, அலைவரிசையை நிலைநிறுத்தும், வெப்பத்துக்கு அசையாத படிகத்தோடு வரும் வி3, வி4 வகை இன்னொன்று. விற்பவர்கள் அந்தப் படிகத்தைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எஃப்எம் ஒலிபரப்பைக் கவனிக்க மட்டும் என்றால் அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. மலிவான படிகம் பத்து லட்சத்தில் 50 பங்கு விலகினாலும் 100 மெகாஹெர்ட்ஸில் 5 கிலோஹெர்ட்ஸ்தான் தள்ளும். எஃப்எம் நிலையமோ 200 கிலோஹெர்ட்ஸ் அகலம். காதுக்கும் தெரியாது, அளவீட்டுக்கும் கெடுதல் இல்லை. நான் அலுமினியக் கூட்டு வகையை வாங்கச் சொல்வது வேறு காரணத்துக்காக: உலோகக் கூடு மடிக்கணினியின் இரைச்சலை வெளியே நிறுத்தும், சித்திரை வெயிலில் சூடு ஏறினாலும் தாங்கும், கனெக்டரும் ஆடாது. விலை சில ஆயிரம் ரூபாய்.

இரண்டு மூன்று நிலையங்களின் பலம் மட்டும் போதும் என்று தாளில் எழுதியவர்களுக்கு, சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஆர்டிஏ5807 போன்ற சில்லுப் பலகையும் ஓர் ஆர்டுயினோவும் தாராளம். எஸ்ஐ4703 இன்னும் கொஞ்சம் மேல். ஆர்டிஎஸ் என்ற எழுத்துத் தகவலையும் படிக்கும். பொறியியல் கல்லூரியில் ஈசிஇ படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் கூட்டி முடித்துவிடலாம். இந்தச் சில்லுகள் பலத்தை நேரடியாக ஓர் எண்ணாகத் தருவதால், பதிவேட்டுக்கு எஸ்டிஆரைவிட இவை சுலபம் என்றே சொல்வேன்.

தொலைவு நிலையங்களைத் துரத்துவதுதான் ஆசை என்றால் டிஇஎஃப்6686. கார் ரேடியோவுக்காக என்எக்ஸ்பி நிறுவனம் செய்த சில்லு இது. வடிகட்டியின் அகலத்தை 56 கிலோஹெர்ட்ஸ் வரை குறுக்கிக்கொள்ளலாம். அதனால் பலமான நிலையத்துக்கு 200 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒளிந்திருக்கும் பலவீனமான நிலையமும் பிரிந்து வரும். சிறு திரையோடு, பாட்டரியோடு கைக்கு அடக்கமான பெட்டியாகவும் இதை விற்கிறார்கள்; யூஎஸ்பியில் மாட்டி எக்ஸ்டிஆர்-ஜிடிகே என்ற இலவச மென்பொருளால் ஓட்டலாம். காதுக்கு வரும் தரத்தில் ஆர்டிஎல் டாங்கிள் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் பட்டை முழுவதும் படமாக ஒரே பார்வையில் தெரியும் சுகம் இதில் இல்லை.

ஹேக்ஆர்எஃப் போல அலையை அனுப்பவும் கூடிய கருவிகளைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். உரிமம் இல்லாமல் அனுப்புவது சட்டப்படி குற்றம். நமக்குத் தேவையும் இல்லை.

மூன்றாவது படி: வாங்கும் இடம்

டவுன்ஹால் ரோட்டிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் உள்ள எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேபிள், கனெக்டர், சாலிடரிங் சாமான், ஆர்டுயினோ எல்லாம் கிடைத்துவிடும். எஸ்டிஆர் டாங்கிளைக் கேட்டால் பெரும்பாலும் கைவிரிப்பார்கள். அதை இந்தியாவிலேயே இருப்பு வைத்து விற்கும் இணையக் கடையில் வாங்குவது நல்லது. வெளிநாட்டில் இருந்து நேரே வரவழைத்தால் வயர்லெஸ் சாதனம் என்று சுங்கத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம், வரியும் சேரும்.

'டிவி ட்யூனர்' என்று மொட்டையாகப் போட்டு விற்பதை வாங்காதீர்கள். பழைய கேபிள் டிவி பார்க்கச் செய்த அனலாக் பெட்டி இந்த வேலைக்கு உதவாது. விவரத்தில் ஆர்டிஎல்2832யு என்ற பெயர் இருக்க வேண்டும். பிரபல வகைகளுக்குப் போலிகளும் நிறைய உலவுவதால், திருப்பி அனுப்பும் அவகாசம் உள்ள கடையாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டி வந்த அன்றே மாட்டி அரை மணி நேரம் விடாமல் ஓட்டிப் பாருங்கள். ஒலி விட்டு விட்டு வந்தால் முதலில் வேறு யூஎஸ்பி போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் அப்படியே என்றால் அந்த வாரமே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நான்காவது படி: ஆண்டெனா

எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். நல்லவேளையாக, நல்ல ஆண்டெனா என்பது இங்கே விலை உயர்ந்த ஆண்டெனா என்று பொருள்படாது. இருநூறு முந்நூறு ரூபாயில் நாமே செய்துகொள்ளலாம்.

300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். பட்டையின் நடுவே 98 என்று எடுத்தால் 3.06 மீட்டர். அதில் பாதி 1.53. கம்பியில் அலை சற்று மெதுவாக ஓடுவதால் 5 சதவீதம் குறைத்தால் ஏறக்குறைய 1.45 மீட்டர். ஆக, ஒவ்வொரு பக்கமும் 73 சென்டிமீட்டராக இரண்டு துண்டுகள் வேண்டும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் ஒற்றைச் செம்புக் கம்பி போதும். பிளம்பர் பயன்படுத்தும் பிவிசி குழாயை 'டி' வடிவில் மாட்டி, அதன் இரண்டு கைகளிலும் கம்பியை நீட்டிக் கட்டுங்கள். நடுவில் இரண்டு கம்பிகளுக்கும் ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கேபிளின் நடுக்கம்பியை ஒன்றிலும், வெளிப் பின்னலை மற்றதிலும் சாலிடர் செய்து, தண்ணீர் இறங்காமல் சிலிகான் பசை தடவிவிடுங்கள். ஆண்டெனாவுக்கு அருகிலேயே கேபிளை ஐந்தாறு சுற்று வளையமாகச் சுற்றிக் கட்டிவிட்டால், கேபிளே ஆண்டெனாவாக மாறி வீட்டு இரைச்சலை இழுத்து வருவது குறையும்.

கேபிளுக்கு ஆர்ஜி6 போதும். கேபிள் டிவிக்காரரிடமே மீட்டர் கணக்கில் கிடைக்கும். அது 75 ஓம், டாங்கிள் 50 ஓம், பொருந்தாதே என்று சிலர் பயமுறுத்துவார்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் அந்த இழப்பு மிகச் சொற்பம், கவலை வேண்டாம். மாடியில் இருந்து கீழே 20 மீட்டர் இழுத்தாலும் எஃப்எம் பட்டையில் இழப்பு ஒரு டெசிபெல்லுக்குச் சற்றுத்தான் மேலே இருக்கும். டாங்கிளோடு வரும் மெல்லிய கேபிளை நீளமாக இழுத்தால்தான் இழப்பு ஏறும். எஃப் கனெக்டரில் இருந்து எஸ்எம்ஏவுக்கு மாற்றும் சிறு இணைப்பு ஒன்றை மறக்காமல் வாங்கிவையுங்கள்; அது இல்லாமல் எல்லாம் கையில் இருந்தும் உட்கார்ந்திருக்க நேரிடும்.

எங்கே கட்டுவது? எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், அது கிலோமீட்டரில் எவ்வளவு தூரம் 'பார்க்கும்' என்று கிடைக்கும். 100 மீட்டர் கோபுரம் 41 கிலோமீட்டர் பார்க்கும். நம் மாடியில் 10 மீட்டர் உயரம் என்றால் 13 கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்து 54. இனி கொடைக்கானலைப் பாருங்கள். மலையே 2,000 மீட்டருக்கு மேல். அது மட்டுமே 184 கிலோமீட்டர் பார்க்கும். மதுரை அங்கிருந்து நேர்கோட்டில் 75 கிலோமீட்டர் அளவுதான். 100.5 ஏன் கிராமத்து டீக்கடை ரேடியோவிலும் அவ்வளவு தெளிவாக வருகிறது என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்கிவிடும். அதே சமயம் நாகமலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி வீடு இருந்தால், மேற்கில் இருந்து வரும் அலையை அந்த மலை மறைக்கும். யானைமலைக்கும் ஒத்தக்கடைக்கும் அருகில் இருப்பவர்களுக்கு மலை எந்தத் திசையில் நிற்கிறதோ அந்தத் திசை நிலையங்கள் மங்கும். அதைக் குறையாக நினைக்காதீர்கள். எந்தப் பக்கம் மறைகிறது என்று அளப்பதே நல்ல முதல் ஆராய்ச்சி.

டைபோலின், அதாவது நாம் செய்த இந்த இரட்டைக் கம்பி ஆண்டெனாவின், அகலப் பக்கம் நிலையத்தைப் பார்க்க வேண்டும். கம்பியின் முனை காட்டும் திசையில் அது கேட்காது. கொடைக்கானலுக்காக என்றால் அகலப் பக்கம் மேற்கு வடமேற்கே. முதலில் கிடைமட்டமாகவும் பிறகு செங்குத்தாகவும் வைத்துப் பார்த்து, எதில் எண் கூடுகிறதோ அதில் நிறுத்துங்கள். பலமான உள்ளூர் நிலையம் தொல்லை தந்தால், கம்பியின் முனையை அந்த நிலையத்தைப் பார்க்கத் திருப்பிவிடுவது காசில்லாத வைத்தியம்.

அழகர்கோவில், திருப்பரங்குன்றம் பக்கம் இருப்பவர்கள் குரங்குகளை நினைத்து, கைக்கெட்டாத உயரத்தில், ஊஞ்சலாட முடியாத தடித்த குழாயில் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கோடை இடியிலும் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். கருவி போனால் வாங்கிக்கொள்ளலாம். மின்னல் கேபிள் வழியாக அறைக்குள் வருவது உயிர் சம்பந்தப்பட்டது. மின்வாரியக் கம்பி செல்லும் பக்கம் குழாயை நிறுத்தவே கூடாது. குழாய் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் தூக்க வேண்டும்.

ஐந்தாவது படி: மென்பொருளும் முதல் அலையும்

விண்டோஸ் என்றால் எஸ்டிஆர் ஷார்ப் அல்லது எஸ்டிஆர் பிளஸ் பிளஸ். லினக்ஸ் என்றால் எஸ்டிஆர் பிளஸ் பிளஸ் அல்லது ஜிக்யூஆர்எக்ஸ். எல்லாம் இலவசம். விண்டோஸில் டாங்கிளை மாட்டியதும் அது டிவி டிரைவரைப் போட்டுக்கொள்ளும். ஜாடிக் என்ற சிறு கருவியைத் திறந்து, 'பல்க்-இன் இன்டர்ஃபேஸ் 0' என்பதைத் தேர்ந்து, வின்யூஎஸ்பி டிரைவரைப் போட வேண்டும். புதியவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். பட்டியலில் மவுஸையோ கீபோர்டையோ தேர்ந்துவிடாமல் பெயரை இரண்டு முறை படியுங்கள். லினக்ஸில் அந்த டிவி டிரைவரைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டு மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும். வி4 டாங்கிள் என்றால் அதற்கென்று உள்ள புதிய டிரைவர் வேண்டும், பழையதில் ஓடாது. கணினியே இல்லை என்றால் ஓடிஜி கேபிள் வழியாக ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் மாட்டலாம். பழகுவதற்கு அது போதும், பதிவேட்டுக்குப் போதாது.

டாங்கிளை நேரே மடிக்கணினியில் செருகாமல், ஒன்றிரண்டு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள். கணினியின் இரைச்சல் அங்கே குறையும்.

முறையை டபிள்யூஎஃப்எம் (ஒலிபரப்புக்கான அகல எஃப்எம்) என்று வையுங்கள், அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். டி-எம்ஃபசிஸ் என்ற அமைப்பை 50 மைக்ரோவினாடியில் வையுங்கள். நம் நாட்டு முறை அது. அமெரிக்க முறையான 75-இல் விட்டுவிட்டால் ஒலி அமுங்கிக் கேட்கும். மாதிரி வேகம் வினாடிக்கு 24 லட்சம். அதாவது ஒரே சமயத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம் திரையில் தெரியும். 99.4-ஐ நடுவில் வைத்தால் ஒரு ஓரத்தில் மிர்ச்சி, மறு ஓரத்தில் கொடைக்கானல் இரண்டும் ஒரே திரையில் நிற்கும். பக்கத்து நிலையமும் மலை நிலையமும் அருகருகே எப்படி ஏறி இறங்குகின்றன என்று பார்க்க இதைவிட நல்ல சன்னல் இல்லை.

அப்புறம் கெயின், அதாவது வந்த சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற அமைப்பு. தானியங்கி கெயினை அணைத்துவிடுங்கள். இதில் நான் கண்டிப்பாகவே சொல்வேன்: தானியங்கி ஓடிக்கொண்டிருக்கும்போது எழுதிய எந்த எண்ணையும் நேற்றைய எண்ணோடு ஒப்பிட முடியாது. ஆர்820டி2 ட்யூனரில் 0 முதல் 49.6 டெசிபெல் வரை படிப்படியாக ஏற்றலாம். கீழிருந்து மெல்ல ஏற்றுங்கள். நிலையங்களுக்கு இடையே உள்ள தரைமட்ட இரைச்சல் லேசாக உயரத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நிலையமும் இரைச்சலும் சேர்ந்தே ஏறும், லாபம் இல்லை.

திரையில் தெரியும் ஒரு நிலையம் நிஜமா, டாங்கிள் திணறியதால் வந்த போலியா என்று பார்க்க ஒரு நம்பகமான சோதனை உண்டு. கெயினை 10 டெசிபெல் இறக்குங்கள். நிஜ நிலையம் ஏறக்குறைய அதே 10 இறங்கும். பலமான நிலையங்கள் ஒன்றோடொன்று கலந்து பிறந்த போலி என்றால் அதைவிட வேகமாக விழும், பல சமயம் மறைந்தே போகும். போலிகள் நிறைய இருந்தால் கெயினைக் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கேபிளின் நடுவே சிக்னலைக் குறைக்கும் ஒரு அட்டெனுவேட்டரை மாட்டுங்கள். சிக்னலைக் குறைத்தால் தெளிவு கூடும் என்பதை முதல் தடவை பார்க்கும்போது நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க மின்வாரியமே உதவி செய்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் தேதியை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். அன்றைக்கு மடிக்கணினியை முழு சார்ஜில் வைத்துக்கொண்டு, மின்சாரம் போவதற்கு ஐந்து நிமிடம் முன்பிருந்தே பதியுங்கள். தெருவே அணையும்போது இரைச்சல் தரை எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். பிறகு மின்சாரம் வந்ததும் வீட்டில் ஒவ்வொரு சாதனமாகப் போட்டுப் பார்த்தால் குற்றவாளி சிக்குவார். மலிவான எல்இடி பல்பு, கைப்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர் இந்த மூன்றையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

ஆறாவது படி: பதிவேடு

இதற்காகத்தானே கணினி. ஆர்டிஎல் மென்பொருள் தொகுப்பிலேயே ஆர்டிஎல் பவர் என்ற கட்டளை உண்டு. எங்கிருந்து எங்கே வரை, எத்தனை கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, எத்தனை வினாடிக்கு ஒருமுறை என்று சொல்லிவிட்டால், பட்டை முழுவதையும் துண்டு துண்டாக அலசி, ஒவ்வொரு இடத்திலும் பலத்தை எக்செல் திறக்கும் கோப்பாக எழுதிக்கொண்டே போகும். 87.5 முதல் 108 வரை என்றால் பல துண்டுகள் வேண்டும். அதை அதுவே பார்த்துக்கொள்ளும். தொடக்கத்துக்கு நிமிடத்துக்கு ஒருமுறை போதும்.

வந்த அலையை முழுவதுமாகப் பதிந்துவைக்கவும் முடியும். ஆனால் வினாடிக்கு 24 லட்சம் மாதிரி, ஒவ்வொன்றும் இரண்டு பைட் என்றால், ஒரு மணி நேரத்துக்கு 17 ஜிபி நிரம்பிவிடும். ஏதோ விசேஷமாகக் கேட்கிறது, பிறகு நிதானமாக ஆராய வேண்டும் என்ற சில நிமிடங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

கணினி உறங்கிவிடாதபடி அமைப்பில் மாற்றுங்கள். கடிகாரம் இணையத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு நோட்டில் ஆண்டெனாவின் திசை, உயரம், கெயின் எண் மூன்றையும் எழுதி, எதை மாற்றினாலும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். எஸ்டிஆர் காட்டும் டெசிபெல் அந்தக் கருவிக்குள் மட்டும் பொருள் உள்ள எண். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிட முடியாது. உங்கள் நேற்றோடு உங்கள் இன்றை ஒப்பிடலாம், அதுவும் எதையும் மாற்றாதிருந்தால் மட்டுமே.

மார்கழி, தை மாத விடியற்காலைப் பதிவுகளைத் தனியாக எடுத்துப் பாருங்கள். வானம் தெளிந்து, காற்று அசையாமல் இருந்த இரவுக்குப் பிறகு தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே சற்று வெதுவெதுப்பான அடுக்கு நிற்கும். அந்த எல்லையில் அலை வளைந்து, வழக்கமாக எட்டாத தூரத்துக்கும் போகும். வெயில் ஏறியதும் அடுக்கு கலைந்துவிடும்; தொலைவு நிலையத்தின் எண்ணும் அதோடு சரியும்.

எந்த நிலையம் என்று அடையாளம் காண்பது

இங்கேதான் நம் பக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. சூரியன் எஃப்எம் மதுரை, திருச்சி, திருநெல்வேலி மூன்று ஊரிலும் 93.5-இல்தான். ஹலோ எஃப்எம்மும் அதே போலப் பல ஊர்களில் 106.4. எஃப்எம்மில் ஒரே அலைவரிசையில் இரண்டு சிக்னல் வந்தால் சில டெசிபெல் பலமானது மற்றதை அமுக்கிவிடும். இரண்டும் கலந்து கேட்காது. மதுரை வீட்டில் 93.5-இல் திருச்சியைத் தேடுவது வீண் வேலை. மேலூர் தாண்டித் திருச்சி நோக்கிப் போகும்போது ஏதோ ஓரிடத்தில் ஒன்று விட்டு இன்னொன்று சட்டென்று பிடித்துக்கொள்ளும். பேருந்தில் போகும்போது ஒரு மடிக்கணினியும் சின்ன ஆண்டெனாவும் இருந்தால் அந்த மாறுமிடத்தை அளந்து குறிக்கலாம்.

தொலைவு நிலையங்களைத் தேட, உள்ளூர் நிலையம் இல்லாத காலி இடங்களை முதலில் பட்டியல் போடுங்கள். அங்கே ஏதாவது எழும்பினால், ஒலி அலையின் படத்தைத் திறந்து பாருங்கள். 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு கூரிய கோடு நின்றால் அது ஸ்டீரியோ நிலையம். 57 கிலோஹெர்ட்ஸில் ஒரு சிறு மேடு இருந்தால் ஆர்டிஎஸ் அனுப்புகிறார்கள். அதற்குள் நிலையத்தின் அடையாளக் குறியீடும் பெயரும் இருக்கும். எல்லா நிலையமும் அனுப்புவதில்லை. அப்போது விளம்பரம்தான் துணை: எந்த ஊர் நகைக்கடை, எந்த ஊர் ஜவுளிக்கடை என்று கேட்டாலே ஊர் தெரிந்துவிடும்.

இலங்கை நிலையங்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். தென்றல், சக்தி, வசந்தம் என்று அங்கே தமிழ் ஒலிபரப்புகள் பல. அங்கேயும் சூரியன் எஃப்எம் என்ற பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது. நம் ஊர் சூரியனோடு அதற்குத் தொடர்பில்லை, நிறுவனம் வேறு. பெயரைக் கேட்டதும் முடிவு கட்டாமல், பேச்சு நடையையும் விளம்பரத்தில் வரும் ஊர்ப் பெயரையும் கேளுங்கள். நேரம் சொல்வதை வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான். கோடையில் கடல்மேல் காற்று அடங்கிய மாலைகளில் ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் இவை நன்றாக எட்டும். மதுரையில் எட்டுவது அபூர்வம், எட்டினால் கொண்டாட வேண்டிய விஷயம்.

சட்டம்

ஒலிபரப்பைக் கேட்க இன்று உரிமம் வேண்டாம். ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுக்கும் வழக்கம் 1980-களிலேயே போய்விட்டது. ஆனால் இந்த டாங்கிளால் எஃப்எம் பட்டைக்கு வெளியேயும் போக முடியும் என்பதால் எல்லை தெரிந்திருக்க வேண்டும். காவல்துறை, விமானம், ராணுவம், தனியார் தகவல்தொடர்பு நமக்கானவை இல்லை. அவற்றைத் தேடிப் போகாதீர்கள், பதியாதீர்கள், கேட்டதாக யாரிடமும் பகிராதீர்கள். அனுப்பவும் ஆசை வந்தால் அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதுங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்துகிறது, 12 வயது நிரம்பினாலே எழுதலாம். தேர்ச்சி பெற்று உரிமம் வாங்கினால் வியு (VU) என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும்.

தனுஷ்கோடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ ஆண்டெனாவும் மடிக்கணினியுமாகப் போக நினைக்கிறவர்கள், அது கண்காணிப்பு மிகுந்த கடற்கரை என்பதை மறக்க வேண்டாம். கம்பியை நட்டுவைத்து உட்கார்ந்தால் விசாரிப்பார்கள், விசாரிப்பதும் நியாயம்தான். தங்கும் விடுதியின் மாடியில், உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, குட்டி டிஇஎஃப் பெட்டியை வைத்துக் கேளுங்கள். கேட்ட நேரம், அலைவரிசை, பேசிய மொழி, ஒரு நிமிட ஒலிப்பதிவு ஆகிய நான்கும் கையில் இருந்தால் எந்த நிலையம் என்று மதுரைக்குத் திரும்பியபின் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.